கல்கியை முடித்துவிட்டீர்களா? யாழ்ப்பாணத்தில் அடுத்த சரித்திர நாவலாசிரியரைத் தேடிப் பிடிக்கும் வழி

'பொன்னியின் செல்வன்' ஐந்தாம் பாகத்தை மூடி வைத்த மறுநாள் நேரே ஒரு புத்தகக் கடைக்குப் போனேன். "கல்கி மாதிரி வேறை ஆர் எழுதினவை?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாத கேள்வி. கடையில் நின்ற தம்பி அலுமாரியில் தடித்ததாகப் பார்த்து ஐந்தை உருவி மேசையில் வைத்தான். ஐந்தையும் வாங்கினேன். 12,000 ரூபாய்க்குக் கிட்ட முடிந்தது. அதில் மூன்று இன்றுவரை நாற்பதாம் பக்கத்தைத் தாண்டவில்லை. இன்னொன்று இரண்டாம் பாகம் மட்டும். முதலாம் பாகம் அந்தக் கடையில் இருக்கவேயில்லை, அதை அவன் சொல்லவுமில்லை, நான் பார்க்கவுமில்லை.

அதற்குப் பிறகு எட்டு மாதம் அலைந்துதான் எனக்குச் சரியான ஆட்கள் கிடைத்தார்கள். 2022இலும் 2023இலும் வந்த படங்களைப் பார்த்துவிட்டுக் கல்கிக்குள் புகுந்து, இப்போது என்ன செய்வதென்று தெரியாமல் நிற்பவர்கள் இங்கே நிறையப் பேர். உங்களுக்கு அந்த எட்டு மாதம் வேண்டாம்.

ஒன்றை முதலே சொல்லிவிடுகிறேன். நான் தனியே படிப்பவன் இல்லை. அம்மம்மாவுக்குக் கண் மங்கிவிட்டது. பின்னேரம் விளக்கு வைத்த பிறகு விறாந்தையில் இருந்து அவவுக்கு உரத்து வாசிப்பேன். ஆகவே கீழே வரும் தீர்ப்புகளில் பாதி அவவுடையவை.

1. கல்கி உண்மையிலேயே முடிந்துவிட்டாரா என்று பாருங்கள்

'பொன்னியின் செல்வன்' முடிந்தால் கல்கி முடிந்தார் என்று பலர் நினைக்கிறார்கள். 'பார்த்திபன் கனவு' மூன்று பாகம், 'சிவகாமியின் சபதம்' நான்கு பாகம் இருக்கின்றன. எழுதிய வரிசையில் பார்த்திபன் முந்தியது, கதை நடக்கும் காலத்தில் சிவகாமி முந்தியது. எதை முதலில் எடுப்பது? பார்த்திபனை எடுங்கள். அதில் ஒரு வேடம் வருகிறது. சிவகாமியை முதலில் படித்தவர்களுக்கு அது கெதியில் பிடிபட்டுவிடும், சுவை போய்விடும்.

இவை தவிர 'மோகினித் தீவு', 'சோலைமலை இளவரசி' என்று இரண்டு சிறியவை உண்டு. ஒரு போயா விடுமுறைக்கு ஒன்று காணும். 'அலை ஓசை', 'தியாக பூமி' இரண்டும் கல்கிதான், ஆனால் அரசர் கதை அல்ல. வாளும் குதிரையும் வரும் என்று திறந்தால் ஏமாந்துபோவீர்கள்.

இன்னொன்று. 'பொன்னியின் செல்வன்' கடைசிப் பாகத்தின் முடிவுரையைப் படித்தீர்களா? பாத்திரங்களுக்குப் பிறகு என்ன நடந்தது என்பதைக் கல்கியே அதில் சொல்கிறார். அதைத் தவறவிட்டுவிட்டு "முடிவு சரியில்லை" என்று சொல்பவர்களை நான் நிறையக் கண்டிருக்கிறேன்.

2. மின்சாரப் பட்டியலின் பின்பக்கத்தை எடுங்கள்

"கல்கி மாதிரி" என்ற ஆள் ஒருவரும் இல்லை. கடற்பயணமும் வாட்சண்டையும் ஒருவரிடம் இருக்கும், சோழர் அரண்மனை இன்னொருவரிடம் இருக்கும். அந்தப் பகிடியும் மெல்லிய கேலியும் சேர்ந்த நடை வேறு எவரிடமும் எனக்குக் கிடைக்கவில்லை. ஆழ்வார்க்கடியானுக்காக அடுத்த ஆளைத் தேடினால் வெறுங்கையோடுதான் திரும்புவீர்கள்.

ஆகவே கடைக்குப் போக முன்னர் ஒரு கடதாசியில் (நான் எழுதியது மின்சாரப் பட்டியலின் பின்பக்கத்தில்) மூன்று கேள்விக்குப் பதில் எழுதுங்கள். திரும்பத் திரும்பப் படித்த அத்தியாயம் எது? பக்கத்தைத் தட்டிக்கொண்டு போன இடம் எது? கதை முடிந்ததும் ஆரைப் பற்றி இன்னும் அறிய ஆசை வந்தது?

நான் முதலாவதற்கு எழுதியது பூங்குழலியின் படகு. கோடிக்கரையிலிருந்து இலங்கைக்கு வரும் அந்த இரவு. இரண்டாவதற்குப் பழுவேட்டரையர்களின் அரசியல் ஆலோசனைகள். அந்த இரண்டு வரியை எழுதிப் பார்த்தபோதுதான் நான் 12,000 ரூபாய் கொடுத்து வாங்கிய ஐந்தில் நான்கு, அரண்மனைக்குள்ளேயே ஆலோசனை நடத்தும் நாவல்கள் என்று விளங்கியது.

3. பதிலுக்கு ஏற்ற ஆளைப் பிடியுங்கள்

கடலும் வேகமும் வேண்டுமென்றால் சாண்டில்யன். வேறு பேச்சில்லை. 'கடல் புறா' மூன்று பாகம், 'யவன ராணி' இரண்டு, 'ஜல தீபம்' மூன்று. முதலாவது குலோத்துங்கன் காலத்துக் கருணாகரத் தொண்டைமானின் கதை, இரண்டாவது கரிகாலன் காலம், மூன்றாவது மராட்டியக் கடற்படைத் தலைவர் கனோஜி ஆங்கரேயின் காலம். ஆனால் மூன்று பாகத்தோடு தொடங்காதீர்கள். 'கன்னி மாடம்' அல்லது 'மன்னன் மகள்' எடுங்கள். ஒரே புத்தகத்தில் முடியும். ஆளைப் பிடித்தால் பிறகு கப்பல் ஏறலாம்.

சாண்டில்யனிடம் ஒரு பொறி இருக்கிறது. கதாநாயகி அறிமுகமாகும் இடத்தில் வர்ணனை இரண்டு மூன்று பக்கத்துக்குப் போகும். தனியே படித்தால் சிரித்துக்கொண்டு கடக்கலாம். நான் அம்மம்மாவுக்கு உரத்து வாசிக்கத் தொடங்கி, மூன்றாம் வரியிலேயே என்ன வரப்போகிறது என்று கண்டு, தொண்டையைச் செருமிவிட்டு நேரே அடுத்த பக்கத்துக்குப் பாய்ந்தேன். அவ வெற்றிலையை மடித்தபடி, "ஏன் மோனை, பக்கம் கிழிஞ்சு போச்சோ? நான் உதை அறுபத்தேழாம் ஆண்டிலையே குமுதத்திலை வாசிச்சனான்" என்றா. அதற்குப் பிறகு நான் ஒன்றையும் விடவில்லை.

வந்தியத்தேவனையும் குந்தவையையும் விட மனமில்லை என்றால் விக்கிரமனின் 'நந்திபுரத்து நாயகி'. கல்கி விட்ட இடத்திலிருந்து தொடர்கிறது. எதிர்பார்ப்பைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டு திறந்தால் நன்றாகவே போகும். அதே ஆட்கள்தான், பேச்சு மட்டும் வேறு. இராசராசனையும் தஞ்சைக் கோயிலையும் அருகில் நின்று பார்க்க ஆசையா? பாலகுமாரனின் 'உடையார்' ஆறு பாகம். கல்லுடைப்பது, சுதை பூசுவது, கணக்கெழுதுவது என்று கோயில் எழும்புவதைக் காட்டுகிறார். வேகத்தை எதிர்பார்க்காதீர்கள், இடையிடையே தத்துவம் நீளும். மகன் இராசேந்திரனிடம் போக அகிலனின் 'வேங்கையின் மைந்தன்' போதும். 1963இல் சாகித்ய அகாதெமி விருது பெற்றது. நடை நேரானது, கல்கிக்குப் பிறகு முதல் புத்தகமாகக் கொடுக்க என் தெரிவு இதுதான்.

சங்க காலம் வேண்டுபவர்களுக்கு நா. பார்த்தசாரதியின் 'மணிபல்லவம்', 'கபாடபுரம்'. மணிபல்லவம் என்பது நயினாதீவுதான் என்று நம்மில் பலர் நம்புகிறோம். குறிகட்டுவானில் படகு ஏறுபவர்கள் அதைக் கையில் வைத்திருந்தால் பயணம் வேறு மாதிரி இருக்கும். புதிதாக எழுதியவர்களில் சு. வெங்கடேசனின் 'வேள்பாரி' இரண்டு பெரிய தொகுதி, பறம்பு மலைப் பாரியின் கதை. கல்கியிலிருந்து நேரே தாவுவதற்கு ஏற்றது.

அரசர்களே போதும், சனங்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்று கேட்கிறீர்களா? அப்படியென்றால் நீங்கள் வேறு வாசலுக்கு வந்துவிட்டீர்கள். பிரபஞ்சனின் 'மானுடம் வெல்லும்', அதன் பிறகு 'வானம் வசப்படும்'. பிரெஞ்சுக்காரர் காலத்துப் புதுச்சேரி, ஆனந்தரங்கப் பிள்ளை எழுதிய நாட்குறிப்பு அடிப்படை. அடுத்து சு. வெங்கடேசனின் 'காவல் கோட்டம்', கி. ராஜநாராயணனின் 'கோபல்ல கிராமம்', ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி'. கடைசியாகச் சொன்னது இரண்டாம் உலக யுத்த காலத்தில் கடல் கடந்துபோன தமிழரின் கதை. இவற்றில் 'கோபல்ல கிராமம்' சிறியது, அதிலிருந்து தொடங்குங்கள். 'காவல் கோட்டம்' ஆயிரம் பக்கம், பாத்திரங்கள் வந்துகொண்டே இருப்பார்கள். கொப்பியில் பெயர் எழுதி வைத்துத்தான் நான் தாண்டினேன்.

4. நம்முடையவர்களை விட்டுவிடாதீர்கள்

இதை நான் கடைசியாகத்தான் கண்டுபிடித்தேன். அதுதான் எனக்கு இன்னும் வெட்கம். தமிழின் முதல் சரித்திர நாவல் என்று சொல்லப்படும் 'மோகனாங்கி'யை 1895இல் எழுதியவர் திருகோணமலை த. சரவணமுத்துப்பிள்ளை. கதை நாயக்கர் காலத்தது. நடை பழையது, முதல் இருபது பக்கம் கடினம். கதைக்காகப் படிப்பதைவிட, எங்கிருந்து தொடங்கியது என்று பார்க்கப் படியுங்கள்.

செங்கை ஆழியானைப் பள்ளிக்கூடத்தில் எல்லோரும் கேள்விப்பட்டிருப்போம். 'வாடைக்காற்று' ஞாபகத்துக்கு வரும். அவர் சரித்திர நாவலும் எழுதியவர். 'நந்திக்கடல்', 'கடற்கோட்டை' என்று கேட்டுத் தேடுங்கள். அவருடைய புத்தகங்களில் பெரும்பாலானவை சமூக நாவல், ஆகவே பெயர் பார்த்து மட்டும் எடுக்காமல் முன்னுரையைப் புரட்டிவிட்டு எடுங்கள். வன்னி பற்றி வேண்டுமென்றால் மு. கருணாநிதி எழுதிய 'பாயும்புலி பண்டாரக வன்னியன்' இருக்கிறது.

ஒரு சின்ன விலகல். 'கடல் புறா' படித்து முடித்தவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை சைக்கிளை எடுத்துக்கொண்டு தொண்டைமானாற்றுக்குப் போய்ப் பாருங்கள். அந்தப் பெயர் கருணாகரத் தொண்டைமானிடமிருந்து வந்தது என்பது வழிவழியாகச் சொல்லப்படுவது. உரும்பிராய்க் கருணாகரப் பிள்ளையார் கோயிலையும் அவரோடு சேர்த்துச் சொல்வார்கள். மெய்யோ பொய்யோ, பாலத்தில் நின்று பார்க்கும்போது எனக்குக் கப்பல் தெரிந்தது.

5. காசு கொடுக்க முன்னர் இலவசமாகப் பாருங்கள்

தொலைபேசியும் டேட்டாவும் இருந்தால் முதல் ஐம்பது பக்கத்தை ஒரு சதமும் செலவழிக்காமல் படிக்கலாம். மதுரைத் திட்டத்தின் தளத்தில் கல்கியின் நாவல்கள் முழுதாக இருக்கின்றன. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் நாட்டுடைமையாக்கப்பட்ட (தமிழ்நாட்டு அரசு உரிமையை வாங்கிப் பொதுவாக்கிய) நூல்கள் கிடைக்கும். ஈழத்து எழுத்துக்கு நூலகம் நிறுவனத்தின் தளம். 'மல்லிகை' போன்ற பழைய சஞ்சிகைகளின் இதழ்களும் அதில் உண்டு. மெதுவான இணைப்பென்றால் இரவு பதினொன்றுக்குப் பிறகு தரவிறக்குங்கள், ஸ்கான் செய்த கோப்புகள் பெரியவை.

வட்ஸ்அப்பில் சுற்றும் பீ.டி.எப்களை நம்ப வேண்டாம். எல்லா ஆசிரியரும் நாட்டுடைமை இல்லை, எழுதியவரின் குடும்பத்துக்கு உரிமையுள்ள புத்தகத்தை ஆரோ ஒருவர் ஒளித்து ஸ்கான் செய்து விட்டிருப்பார். அது ஒரு பக்கம். மறுபக்கம், எனக்கு வந்த ஒன்றில் கதாநாயகன் கோட்டை மதிலில் கயிறு போட்டு ஏறினான், அடுத்த பக்கத்தில் அவனுக்குக் கலியாணம். நடுவில் நாற்பது பக்கம் இல்லை.

6. நூலக அங்கத்துவம்: ஒரே பயணத்தில் முடியுங்கள்

என் கருத்தில் இதுதான் எல்லாவற்றிலும் முக்கியமான படி, நான் கடைசியாகச் செய்ததும் இதுதான். பத்துப் புத்தகத்தை இரவல் எடுத்துப் பார்த்துவிட்டு இரண்டை வாங்கினால் காசும் மிஞ்சும், அலுமாரியிலும் இடம் மிஞ்சும்.

பட்டணத்துக்குக் கிட்ட இருப்பவர்களுக்கு யாழ்ப்பாணப் பொது நூலகம். மற்றவர்கள் அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை, உங்கள் பிரதேச சபைக்கோ நகர சபைக்கோ நூலகம் இருக்கும். சின்ன நூலகங்களை இளக்காரமாக நினைக்காதீர்கள். பழைய சாண்டில்யன் பதிப்புகளை நான் கண்டது அப்படி ஒன்றில்தான். தைத்துக் கட்டின, விளிம்பு மஞ்சளாகிப் போன புத்தகங்கள். ஒன்றின் உள்ளட்டையில் திகதி முத்திரைகள் நெருக்கமாக, ஒன்றின் மேல் ஒன்று ஏறி, இடமில்லாமல் இன்னொரு துண்டு ஒட்டியிருந்தது. எத்தனை பேர் படித்த புத்தகம் என்று அதைப் பார்த்தாலே தெரியும். துண்டில் முத்திரை நிறைய இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம்.

நான் மூன்று தரம் அலைந்தேன். முதல் நாள் அடையாள அட்டை மட்டும் கொண்டுபோனேன், வதிவிடத்துக்குச் சான்று கேட்டார்கள். இரண்டாம் நாள் அதோடு போனேன், படிவத்தில் பிணையாளியின் கையொப்பம் இல்லை. மூன்றாம் நாள் பிணையாளி கையெழுத்துப் போட்டிருந்தார், அவர் அந்தப் பிரதேசத்துக்குள் இருப்பவர் இல்லை. பிறகு மாமாவைப் பிடித்து முடித்தேன். விதி நூலகத்துக்கு நூலகம் மாறும். ஆகவே இப்படிச் செய்யுங்கள்.

முதல் நாள் படிவத்தை மட்டும் வாங்கிக்கொண்டு வாருங்கள். வாங்கும்போதே நான்கு விஷயம் கேளுங்கள்: வதிவிடத்துக்கு என்ன சான்று ஏற்பார்கள், பிணையாளி ஆராக இருக்கலாம், கட்டணமும் வைப்புப் பணமும் எவ்வளவு, ஒரு தரத்தில் எத்தனை புத்தகம். பிறகு அடையாள அட்டை, அதன் போட்டோக்கொப்பி இரண்டு, உங்கள் பெயரில் உள்ள மின்சாரப் பட்டியல் அல்லது கிராம சேவையாளரின் கடிதம், கடவுச்சீட்டு அளவுப் படம் இரண்டு. எல்லாவற்றையும் ஒரு பைலில் போட்டுக்கொண்டு போங்கள். கிராம சேவையாளர் எந்த நாள் அலுவலகத்தில் இருப்பார் என்று முன்னரே விசாரியுங்கள். களப்பணி நாளில் போனால் பூட்டுத்தான் தெரியும். பிணையாளியிடம் போகும்போது பேனை கொண்டுபோங்கள். சிரிக்காதீர்கள், எனக்கு நடந்தது.

செலவு? எனக்கு ஒரு கொத்துரொட்டிக் காசுகூட வரவில்லை. போட்டோவுக்குத்தான் கூடப் போனது. காலம், எல்லாம் சரியாக இருந்தால் ஒரு கிழமைக்குள். தவணை எனக்கு இரண்டு கிழமை. தடித்த நாவலுக்கு அது காணாது, ஆகவே தவணை முடிய இரண்டு நாளுக்கு முன்னரே போய்ப் புதுப்பியுங்கள். தண்டம் சிறிய தொகைதான், ஆனால் மறந்துபோய் ஒரு மாதம் கிடந்தால் கவுண்டரில் நிற்கிறவரின் முகத்தைப் பார்க்க ஏலாது.

உள்ளே போனதும் 'சரித்திர நாவல்' என்று ஒரு தட்டைத் தேடாதீர்கள். டூயி முறையில் அடுக்கும் நூலகங்களில் தமிழ் நாவல் எல்லாம் 894.8113 என்ற இலக்கத்துக்குள் ஒன்றாகக் கிடக்கும், ஆசிரியர் பெயர் வரிசையில். கல்கிக்குப் பக்கத்தில் குடும்ப நாவல் இருக்கும். ஆகவே ஆசிரியர் பெயர்களைக் கையில் எழுதிக்கொண்டு போங்கள். பாகங்களில் ஒன்று தட்டில் இல்லையென்றால் வேறு ஒருவர் கொண்டுபோயிருப்பார், எப்போது திரும்பும் என்று கேட்டுவிட்டுத்தான் மற்றதை எடுக்க வேண்டும்.

7. வாங்கும்போது

பூபாலசிங்கம் புத்தகசாலை போன்ற நிலையான கடைகள் ஒரு வழி. நல்லூர்த் திருவிழாக் காலத்திலும், தை மாதத்தில் முற்றவெளியில் வர்த்தகக் கண்காட்சி நடக்கும்போதும் போடும் புத்தகக் கூடங்கள் இன்னொரு வழி. செப்டெம்பரில் கொழும்பில் சர்வதேச புத்தகக் கண்காட்சி இருக்கிறது. அதற்காக மட்டும் போக வேண்டாம், பஸ் காசே ஒரு நாவல் விலை. கொழும்பில் இருக்கும் சொந்தக்காரரிடம் துண்டு கொடுத்துவிடலாம்.

விலைக் கணக்கு இது. பின்னட்டையில் அல்லது உள்ளே இந்திய விலை இருக்கும். இந்திய ரூபாய் ஒன்று நம்முடைய மூன்றரை ரூபாய் அளவில் நிற்கிறது. 500 இந்திய ரூபாய்ப் புத்தகம் 1,750. கப்பற்கூலி, கடைவாடகை, அவர்களின் இலாபம் எல்லாம் சேர்த்து 2,000 முதல் 2,300 வரை கேட்டால் நியாயம். 3,000 கேட்டால் பேசாமல் திரும்ப வைத்துவிடுங்கள். இந்திய விலைக்கு மேல் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் கடைக்காரரிடமே கேளுங்கள், சொல்வார்கள்.

காசு கொடுக்க முன்னர் புத்தகத்தைப் பாருங்கள். அட்டையில் 'பாகம் 1' என்று சில வேளை மிகச் சிறிதாகத்தான் இருக்கும். உள்ளே பதிப்பு விபரமுள்ள பக்கத்தைத் திறந்து மொத்தம் எத்தனை பாகம் என்று தெரிகிறதா பாருங்கள். தெரியாவிட்டால் முன்னுரையின் கடைசிப் பந்தி. பிறகு பக்க எண்ணைத் தட்டிப் பாருங்கள். புத்தகம் பாரம் பாரமாக, அதாவது பக்கங்களை மடித்த கட்டுக் கட்டாக, தைப்பது. ஒரு பாரம் விடுபட்டால் பதினாறு பக்கம் ஒரேயடியாகப் போகும், அல்லது ஒரே பதினாறு இரண்டு தரம் வரும். நான் கடையிலேயே நின்று விசிறி மாதிரி விரித்துப் பார்ப்பேன். இரண்டு நிமிடம். ஒருவரும் ஒன்றும் சொன்னதில்லை.

கல்கி நாட்டுடமை என்பதால் பல பதிப்பகங்கள் போடுகின்றன. மலிவுப் பதிப்பில் எழுத்து எறும்பு மாதிரி இருக்கும், வயதானவர்களுக்குப் பரிசு கொடுக்க வேண்டாம். 'சுருக்கம்' என்ற சொல் எங்கேனும் இருந்தால் கையைத் தூர எடுங்கள். சாண்டில்யனை வானதி பதிப்பகம் போடுகிறது, அதில் இந்தக் குழப்பம் இல்லை.

பாவித்த புத்தகம் வாங்கலாமா? வாங்கலாம். அதைவிட நல்லது, உங்கள் தெருவில் எழுபது வயதைத் தாண்டிய ஒரு ஐயாவைத் தேடுவது. எங்கள் ஒழுங்கையில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் குமுதத்தில் வந்த தொடர்களைக் கிழித்து, கோந்து பூசி, காக்கி அட்டை போட்டுக் கட்டி வைத்திருக்கிறார். ஓவியங்களோடு! புத்தகமாக வந்ததில் அந்தப் படங்கள் இல்லை. தரமாட்டார், ஆனால் அவர் வீட்டில் இருந்து படிக்கலாம். தேத்தண்ணியும் வரும். ஆர் எழுத்து எப்படி, எதை விடலாம் என்று அரை மணித்தியாலத்தில் சொல்லிவிடுவார். கடைக்காரத் தம்பியிடம் கேட்டதற்கு மாறாக, அவரிடம் போகும்போது மின்சாரப் பட்டியலில் எழுதிய மூன்று பதிலையும் கொண்டுபோனேன்.

8. இந்தியாவிலிருந்து எடுப்பிக்கும்போது

தனிப் புத்தகத்தைப் பார்சலில் எடுக்க வேண்டாம். தடித்த நாவல் ஒன்று ஒரு கிலோவைத் தொடும், அனுப்புக்கூலி புத்தக விலையைத் தாண்டிவிடும். நான் ஒரு தரம் இணையத்தில் எடுப்பித்தேன். ஐந்து கிழமை கழித்துத் தபாற்கந்தோரிலிருந்து துண்டு வந்தது. போய் உடைத்துப் பார்த்தால் சுருக்கப் பதிப்பு. திருப்பி அனுப்பும் கூலிக்கு இன்னொரு புத்தகம் வாங்கலாம் என்பதால் வைத்துக்கொண்டேன்.

நாலைந்து பேர் சேர்ந்து எடுப்பிப்பது பரவாயில்லை. அதைவிட, வருகிற ஆளைப் பிடியுங்கள். சென்னையிலிருந்து பலாலிக்கு விமானம், நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல். இரண்டிலும் பொதி அளவுக்குக் கட்டுப்பாடு உண்டு, ஆகவே அவர்களிடம் மூன்று புத்தகத்துக்கு மேல் சொல்லாதீர்கள். கப்பல் மாரி காலத்தில் நின்றுபோகும், கார்த்திகை மார்கழிக்கு அதை நம்ப வேண்டாம். தை மாதத்தில் சென்னைப் புத்தகக் கண்காட்சி. பத்து வீதம் கழிவு வழக்கம், விடுபட்ட பாகமும் பதிப்பகத்தாரின் கூடத்திலேயே கிடைக்கும். துண்டில் புத்தகத்தின் பெயரோடு ஆசிரியர், பதிப்பகம், பாகம் மூன்றையும் எழுதுங்கள். பெயரை மட்டும் எழுதியதற்கு, அதே பெயரில் ஒரு சமையல் புத்தகம் எனக்கு வந்து சேர்ந்தது.

9. ஐம்பதாம் பக்கச் சோதனை

புது ஆசிரியருக்கு ஐம்பது பக்கம் கொடுங்கள். சரித்திர நாவலில் முதல் இருபது பக்கம் ஊர், ஆறு, அரசர் வம்சம் என்றுதான் போகும், அதில் தீர்ப்புச் சொல்லக் கூடாது. ஐம்பதிலும் ஒரு பாத்திரத்தின் பெயராவது நினைவில் நிற்கவில்லை என்றால் விட்டுவிடுங்கள். காசு கொடுத்த புத்தகம் என்று இழுத்துக்கொண்டு போனால் படிக்கும் ஆசையே செத்துப்போகும்.

எங்கள் வீட்டில் சோதனை இன்னும் லேசு. அன்றைய பங்கை வாசித்து மூடியதும் அம்மம்மா "பிறகு?" என்றால் ஆசிரியர் தேறிவிட்டார். "சரி, போய்ப் படு" என்றால் அடுத்த நாள் நூலகத்துக்குத் திரும்பும். அகிலன் முதல் நாளே தேறினார். பாலகுமாரனுக்கு ஒரு கிழமை எடுத்தது. நான் 12,000 ரூபாய்க்கு வாங்கியதில் மூன்று "போய்ப் படு".

ஒரு ஆசிரியரில் இரண்டு புத்தகம் தொடர்ந்து படித்தால் மூன்றாவதை வேறு ஆளிடம் எடுங்கள். சாண்டில்யனை நான்கு தொடர்ந்து படித்தபோது எந்த வீரன் எந்தக் கோட்டையில் என்பதே எனக்குக் குழம்பிவிட்டது. அப்புறம் கடைசியாக ஒன்று. ஒரு கொப்பி வைத்து, ஆருக்கு எதை இரவல் கொடுத்தீர்கள் என்று திகதியோடு எழுதுங்கள். பாகம் பாகமாக உள்ள நாவலில் ஒன்றை மட்டும் கொடுக்கவே கூடாது. 'யவன ராணி' முதலாம் பாகம் போன கார்த்திகையில் எங்கள் வீட்டிலிருந்து போனது. கொண்டுபோனவர் இரண்டாம் பாகத்தைக் கேட்டு நேற்றும் அழைத்தார். முதலாவதைக் கொண்டுவந்தால் தருகிறேன் என்றேன். அது இப்போது அவருடைய மச்சாளிடம் கிளிநொச்சியில் இருக்கிறதாம்.